கமிஷன் வாங்கியவர்கள் சேற்றில் இறங்கிய கதை

கமிஷன் என்றதும் நம் ஊரில் நினைவுக்கு வருபவர், வாங்குகிறவரிடம் இரண்டு சதவீதமும் விற்கிறவரிடம் இரண்டு சதவீதமும் கேட்கும் தரகர். இந்தக் கதையில் வரும் கமிஷன் வேறு. ராணுவ அதிகாரி ஆகிறவனுக்கு அரசாங்கம் கொடுக்கிற பத்திரத்துக்கும் அதே பெயர்தான். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அதைப் பதப்படுத்திய தோலில் அச்சடித்தார்கள். மேலே சிறகு விரித்த கழுகு. கீழே கொடியும் முரசும் பீரங்கியும். நடுவில் ஜனாதிபதி பேசுவதுபோல ஒரு வாசகம்: இன்னாருடைய தேசபக்தி, வீரம், விசுவாசம், திறமை ஆகியவற்றில் தனி நம்பிக்கை வைத்து அவரை இன்ன பதவியில் அமர்த்துகிறேன். அடியில் ஜனாதிபதியின் கையெழுத்து, போர்த்துறை அமைச்சரின் கையெழுத்து. பெயர் எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கும். வீரம் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. ஆளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

1835 முதல் 1842 வரை இந்தத் தோலை வைத்திருந்த கனவான்கள் ஒருவர் பின் ஒருவராக ஃபுளோரிடாவின் சதுப்பில் இறங்கினார்கள். எதிரே நின்றவர்கள் செமினோல் மக்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் எல்லாரையும் சேர்த்தால் ஐயாயிரம் பேர் தேறுவார்கள். அவர்களிடம் அச்சடித்த வீரம் கிடையாது.

முன்கதையைச் சுருக்கிவிடலாம். செமினோல் என்ற பெயரின் வேர் 'சிமரோன்' என்ற ஸ்பானியச் சொல். கட்டறுத்துக்கொண்டு காட்டுக்குள் போன மாட்டுக்கும் அந்தச் சொல்தான், மனிதனுக்கும் அதுதான். வடக்கே இருந்து வந்த கிரீக் பழங்குடியினரும், ஜார்ஜியாவின் தோட்டங்களிலிருந்து தப்பி ஓடிவந்த கறுப்பின அடிமைகளும் ஸ்பெயினின் பெயரளவு ஆட்சியில் இருந்த ஃபுளோரிடாவில் அக்கம்பக்கமாக வாழ்ந்தார்கள். தப்பியவர்களைத் தேடிக்கொண்டு, 1818-இல், ஆண்ட்ரூ ஜாக்சன் என்கிற தளபதி அழைப்பில்லாமல் உள்ளே நுழைந்து அடித்து நொறுக்கினார். இனி இதைக் கட்டிக்காக்க முடியாது என்று ஸ்பெயின் கைகழுவியது. அமெரிக்கா ஃபுளோரிடாவை 50 லட்சம் டாலருக்கு வாங்கியது என்று பள்ளிப் புத்தகம் சொல்லும். அந்தப் பணத்தில் ஒரு காசுகூட ஸ்பெயினுக்குப் போகவில்லை. ஸ்பெயின் எங்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்று புகார் வைத்திருந்த அமெரிக்கர்களுக்கு அமெரிக்காவே கொடுத்துத் தீர்த்தது. இவ்வளவு லட்சணமான பத்திரப் பதிவை நம் சார்பதிவாளர் அலுவலகங்கள்கூடப் பார்த்திருக்காது. நிலத்தில் குடியிருந்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

பிறகு ஒப்பந்தங்கள். 1823-இல் மௌல்ட்ரி ஓடைக்கரையில் ஒன்று: நடு ஃபுளோரிடாவில் இந்தப் பகுதி உங்களுக்கு, இருபது வருஷத்துக்கு ஆண்டுதோறும் உதவித்தொகை உண்டு. ஏழு வருஷத்தில் ஜாக்சன் ஜனாதிபதி நாற்காலியில் இருந்தார். பழங்குடியினரை மிசிசிப்பி நதிக்கு மேற்கே அனுப்பும் சட்டம் வந்துவிட்டது. ஒன்பதாவது வருஷம், 1832-இல், பெய்ன்ஸ் லேண்டிங் என்ற இடத்தில் இன்னொரு ஒப்பந்தம். செமினோல் தலைவர்கள் ஏழு பேர் மேற்கே போய்ப் புது நிலத்தைப் பார்ப்பார்கள்; 'அவர்களுக்கு'த் திருப்தியானால் எல்லாரும் கிளம்ப வேண்டும். இந்த 'அவர்கள்' யார்? பார்க்கப்போன ஏழு பேரா, மொத்தச் சனமா? போன ஏழு பேர் என்றது அரசாங்கம். நாங்கள் எல்லாரும் என்றார்கள் செமினோல்கள். பார்க்கப்போன ஏழு பேரிடம் அங்கேயே, கிப்சன் கோட்டையில், திருப்தி என்று இன்னொரு தாளில் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. ஊர் திரும்பிய தலைவர்கள் மறுத்தார்கள். ஒரு பிரதிப்பெயர்ச்சொல்லில் தொடங்கி ஏழு வருஷம் நடந்த போர் உலக வரலாற்றில் வேறு இருக்குமா, தெரியவில்லை. இலக்கண வாத்தியார்கள் பெருமைப்படலாம்.

போருக்கு முன்பே ஒரு சிறு ஒத்திகை நடந்திருக்கிறது. 1820-களில், இன்றைய டாம்பா நகரம் இருக்கும் இடத்தில் புரூக் கோட்டை. அதன் தலைவர் கர்னல் புரூக். ஜான் ஹார்ஸ் என்ற கறுப்பினச் செமினோல் சிறுவன் ஒரு நாள் இரண்டு ஆமைகளைக் கொண்டுவந்தான். நிலத்தில் வளைதோண்டி வாழும் ஆமை, நல்ல கறி. கர்னல் வாங்கி, விருந்து வரைக்கும் பத்திரமாக வைத்திரு என்று சமையல்காரனிடம் ஒப்படைத்தார். மறுநாள் இன்னும் இரண்டு. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு. பெரிய விருந்துக்குத் தேவையான அளவு சேர்ந்திருக்கும் என்று ஒரு நாள் பட்டியைப் போய்ப் பார்த்தால் உள்ளே இருந்தவை இரண்டே ஆமைகள். பையன் பகலில் விற்ற சரக்கை இரவில் எடுத்து, மறுநாள் அதையே மறுபடி விற்றிருக்கிறான். கோட்டையில் இருந்த மெக்கால் என்ற அதிகாரி பின்னாளில் இதை எழுதிவைத்தார். காசு கொடுத்த மீதி ஆமைகளைப் பிடித்துத் தந்துவிடுகிறேன் என்று பையன் சத்தியம் செய்து தப்பினானாம். அன்றைக்கே அமெரிக்க ராணுவம் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிப்பதற்குத் தோலில் இடம் விடவில்லை.

ஜான் ஹார்ஸை மறந்துவிடாதீர்கள். கடைசியில் வருவார்.

செமினோல்களைக் கிளப்பி அனுப்பும் பொறுப்பு வைலி தாம்ஸன் என்ற அரசாங்க ஏஜெண்டிடம் இருந்தது. அவருக்கு ஒசியோலா என்ற இளைஞனோடு பழக்கம். ஒசியோலா பரம்பரைத் தலைவர் அல்ல. பேச்சாலும் துணிவாலும் மேலே வந்தவர். தாம்ஸன் அவருக்கு ஒரு துப்பாக்கியைப் பரிசளித்தார். அவரே ஒசியோலாவுக்குக் காலில் விலங்கும் மாட்டினார். ஒரே ஆளுக்கு இரண்டையும் கொடுப்பது நிர்வாகத் திறமை ஆகாது. 1835 டிசம்பர் 28 அன்று கிங் கோட்டைக்கு வெளியே, சாப்பாடு முடிந்து சுருட்டோடு உலாவப் போன தாம்ஸனை ஒசியோலாவின் ஆட்கள் சுட்டுத் தீர்த்தார்கள்.

அதே நாளில், தெற்கே, மேஜர் ஃபிரான்சிஸ் டேட் நூறு சொச்சம் சிப்பாய்களோடு புரூக் கோட்டையிலிருந்து கிங் கோட்டைக்கு வந்துகொண்டிருந்தார். உண்மையில் அவர் 'பிரெவெட்' மேஜர். பெயருக்கு மேஜர், சம்பளத்துக்கு கேப்டன் என்று பொருள். ஊதிய உயர்வு இல்லாத பதவி உயர்வு இன்றைய ஐ.டி. கம்பெனிகளின் கண்டுபிடிப்பு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் திருத்திக்கொள்ளவும். அந்தப் பயணத்துக்கு டேட் போகவே வேண்டியதில்லை. கேப்டன் கார்டினர் போக வேண்டியது. அவர் மனைவிக்கு உடம்பு சரியில்லை என்பதால் டேட் தானாக முன்வந்தார். பிறகு மனைவி கப்பலேறி கீ வெஸ்டுக்குப் போனதும் கார்டினரும் ஓடிவந்து சேர்ந்துகொண்டார். ஆக, ஒருவர் போதுமான சாவுக்கு இரண்டு பேர். அன்று காலை குளிர். சிப்பாய்கள் தோட்டாப் பெட்டிக்கு மேலே கோட்டுப் போட்டு, பட்டனையும் பூட்டிக்கொண்டு நடந்தார்கள். ஆபத்தான இடங்களைத் தாண்டியாகிவிட்டது, கோட்டைக்குப் போனதும் மூன்று நாள் ஓய்வு, கிறிஸ்துமஸைத் தாமதமாகக் கொண்டாடலாம் என்று டேட் உற்சாகம் ஊட்டினார் என்பார்கள். செமினோல் தலைவர் மிக்கனோப்பியின் குண்டு அவர் மீதுதான் முதலில் பாய்ந்தது. மாலைக்குள் ஏறக்குறைய எல்லாரும் செத்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய இரண்டு மூன்று பேர் தவழ்ந்து தப்பினார்கள். வாஷிங்டன் பதறியது. இன்று மியாமி நகரம் இருக்கும் மாவட்டத்தின் பெயர் மியாமி-டேட். தோற்றவருக்கு ஒரு மாவட்டம் என்ற கணக்கை ஃபுளோரிடா அப்போதே தொடங்கிவிட்டது.

மூன்றே நாளில், டிசம்பர் 31 அன்று, ஜெனரல் டங்கன் கிளிஞ்ச் வித்லகூச்சி ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார். அவரிடம் இருநூற்றைம்பது சொச்சம் நிரந்தரச் சிப்பாய்கள்; ரிச்சர்ட் கால் என்பவரின் தலைமையில் ஐந்நூறு தொண்டர் படையினர். தொண்டர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் மறுநாள் முடிகிறது. ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து அவர்கள் சாதாரணக் குடிமக்கள். எனவே போரை இன்றைக்கே முடித்தாக வேண்டும். தேதி பார்த்துச் சண்டை போடுகிற வழக்கம் நமக்கும் உண்டு. ஆனால் நாம் பார்ப்பது நல்ல நேரத்தை, ஒப்பந்தக் காலாவதியை அல்ல.

ஆற்றங்கரையில் தெரிந்தது, நடந்து கடக்கும் துறை அங்கே இல்லை. ஆழமான தண்ணீர். தேடிப் பிடித்ததில் ஒரு பழைய தோணி கிடைத்தது. ஓட்டை வேறு. ஒரு தடவைக்கு ஏழெட்டுப் பேர் ஏறலாம். எண்ணூறு பேர் படை, ஏழு பேர் தோணி. நிரந்தரச் சிப்பாய்கள் எப்படியோ அக்கரை சேர்ந்து, துப்பாக்கிகளைக் கூம்பாகச் சாய்த்துவைத்துக் களைப்பாறினார்கள். அந்தப் பக்கத்துக் காட்டில் ஒசியோலா காத்திருந்தார். சுடத் தொடங்கினார்கள். இக்கரையில் இருந்த தொண்டர் படையில் பெரும்பாலோர் கடைசி வரைக்கும் இக்கரையிலேயே இருந்தார்கள். தோணி இல்லை என்றார் கால். மனசு இல்லை என்றார் கிளிஞ்ச். இரண்டு பேரும் பல வருஷம் பத்திரிகையில் கடிதம் எழுதிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். மறுநாள் புத்தாண்டு, தொண்டர்கள் வீட்டுக்குப் போனார்கள். சில மாதங்களில் கிளிஞ்சும் தன் கமிஷனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டார்.

அடுத்து இரட்டைத் தளபதிகள். எட்மண்ட் கெய்ன்ஸ், வின்ஃபீல்ட் ஸ்காட். இரண்டு பேரில் யார் மூத்தவர் என்ற தகராறு பல வருஷப் பழையது. பிரெவெட் தேதி இன்னது, உண்மைத் தேதி இன்னது என்று கல்யாண வீட்டுப் பந்தியில் முதல் வரிசைக்கு முட்டிக்கொள்ளும் பெரியவர்களைப் போல இரண்டு பேரும் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளினார்கள். 1828-இல் ராணுவத்தின் தலைமைப் பதவி காலியானபோது இந்தச் சண்டையைப் பார்த்து அலுத்துப்போன ஜனாதிபதி, இரண்டு பேரையும் விட்டுவிட்டு அலெக்ஸாண்டர் மேகோம் என்ற மூன்றாமவரிடம் கொடுத்துவிட்டார். பூனைகள் அடித்துக்கொண்டன, அப்பம் குரங்குக்குப் போனது. மேகோம் இதைக் கேட்டால் கோபப்படலாம். உவமையில் எனக்கு அவர் மீது விரோதம் இல்லை.

ஃபுளோரிடாவின் கெட்ட காலம், ராணுவத்தின் கிழக்கு மண்டலத்துக்கும் மேற்கு மண்டலத்துக்கும் இடையிலான எல்லைக்கோடு அதன் குறுக்கே ஓடியது. கிழக்கே ஸ்காட், மேற்கே கெய்ன்ஸ். அரசாங்கம் போரை ஸ்காட்டிடம் ஒப்படைத்தது. கெய்ன்ஸ் அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாரா? நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஆயிரம் பேரோடு கப்பலில் வந்து இறங்கிவிட்டார். கிங் கோட்டையில் சாப்பாடு இருக்கும் என்று நம்பி அங்கே போனார். இல்லை. இருந்த கொஞ்சமும் ஸ்காட்டின் படைக்காகச் சேர்த்து வைத்தது, அதையும் எடுத்துக்கொண்டார். திரும்பும் வழியில் அதே வித்லகூச்சி. அதே இக்கரை. செமினோல்கள் சுற்றி வளைத்தார்கள். கெய்ன்ஸ் மரக்கட்டைகளால் அரண் கட்டி, ஒரு வாரத்துக்கு மேல் உள்ளே கிடந்தார். குதிரைகளைத் தின்றார்கள், கோவேறு கழுதைகளைத் தின்றார்கள். ஒரு குண்டு ஜெனரலின் உதட்டில் பட்டுப் பல்லைக் கழற்றிக்கொண்டு போனது. போரில் ஒரு தளபதி இழந்தது எதுவெனக் கேட்டால் மாணவர்கள் 'மானம்' என்று எழுதுவார்கள். இங்கே இரண்டு பல் என்று எழுதினால் முழு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

கடைசியில் செமினோல்களே பேச வந்தார்கள். சண்டையை நிறுத்துவோம், ஆற்றுக்குத் தெற்கே எங்களை விட்டுவிடுங்கள் என்றார்கள். பேச்சு நடந்துகொண்டிருக்கையில் கெய்ன்ஸுக்குச் சாப்பாடு கொண்டு கிளிஞ்ச் வந்து சேர்ந்தார். அவருடைய முன்னணிப் படை, கூட்டமாக நின்ற செமினோல்களைப் பார்த்ததும் சமாதானமா சண்டையா என்று விசாரிக்காமல் சுட்டது. பேச்சு முடிந்தது. வெற்றி என்று அறிவித்துவிட்டு கெய்ன்ஸ் கிளம்பிப் போனார்.

இனி ஸ்காட்டின் முறை. ஆறடிக்கு மேல் உயரம். உடையில், மரியாதையில், சாப்பாட்டில் எதிலும் குறை பொறுக்காதவர். சிப்பாய்கள் வைத்த பட்டப்பெயரைத் தமிழாக்கினால் 'கெடுபிடியும் இறகும்'. காலாட்படையை எப்படி நடத்துவது என்று மூன்று தொகுதிப் புத்தகம் எழுதிய மனிதர். அது பிரெஞ்சுக்காரர்களைப் பார்த்து எழுதியது. மூன்று பக்கத்திலிருந்து மூன்று படைகள் ஒரே சமயத்தில் வந்து நடுவில் எதிரியைப் பிடிக்கும் என்று திட்டமிட்டார். மூன்று படைகளும் வந்தன. நடுவில் எதிரியைக் காணவில்லை. நெப்போலியன் காலத்துச் சூத்திரத்தை செமினோல்கள் படித்திருக்கவில்லை என்பதால் இந்த விபத்து. பழி யார் மேல் என்று விசாரணை நீதிமன்றம் அமைத்தார்கள். ஸ்காட்டும் கெய்ன்ஸும் ஒருவர் மேல் ஒருவர் புகார். நீதிபதி நாற்காலியில் யார்? மேகோம்! ஸ்காட் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு. செமினோல்கள் சாட்சிக்கு அழைக்கப்படவில்லை.

இதற்குள் 1836-ஆம் வருஷம் முடிவதற்கு முன்பே கீழ்மட்ட அதிகாரிகள் 103 பேர் ராஜினாமா செய்துவிட்டார்கள். கழுகும் முரசும் பொறித்த தோல்கள் வாஷிங்டனுக்குத் திரும்பின. கொசு, மலேரியா, வயிற்றுப்போக்கு, இடுப்பளவு சேறு, ரம்பம் போலக் கிழிக்கும் கோரை, இதற்கு மேல் மேலதிகாரிகளின் கடிதங்கள். நானாக இருந்தால் கடைசிக் காரணத்துக்கே ராஜினாமா செய்திருப்பேன்.

களத்தில் நின்றவர்களில் ஒருவரைப் பற்றிக் கேலி வரமாட்டேன் என்கிறது. டேவிட் மோனியக், கிரீக் பழங்குடி. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பழங்குடி மனிதர், 1822-ஆம் வருஷத்து மாணவர். 1836 நவம்பரில் வாஹூ சதுப்பில், அமெரிக்கத் தரப்பில் சேர்ந்த கிரீக் படையோடு வந்தார். முன்னால் கறுத்த நீர். எவ்வளவு ஆழம் என்று பார்க்க முதலில் இறங்கியவர் அவர்தான். சுட்டுக் கொன்றார்கள். படை பின்வாங்கிவிட்டது. பிறகு தெரிந்தது, அங்கே தண்ணீர் மூன்றடிதான்.

அடுத்த தளபதி தாமஸ் ஜெசப். மற்றவர்களைவிட இவருக்கு விஷயம் புரிந்தது: வந்த கொஞ்ச நாளிலேயே, இது பழங்குடியினரோடு நடக்கிற போர் அல்ல, கறுப்பர்களோடு நடக்கிற போர் என்று எழுதினார். கறுப்பினச் செமினோல்களும் கூடவே மேற்கே போகலாம் என்று வாக்குக் கொடுத்ததும் நூற்றுக்கணக்கானவர்கள் சரணடைந்து முகாமுக்கு வந்தார்கள். உடனே தோட்ட முதலாளிகள், அதில் என் அடிமை ஒருவன் இருக்கிறான் என்று கயிற்றோடு வந்து நின்றார்கள். ஜெசப்பின் வாக்கு நெகிழ்ந்தது. 1837 ஜூனில் ஓர் இரவு ஒசியோலா முகாமுக்குள் வந்து, அங்கிருந்த எழுநூறு பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஏமாந்த கோபத்தில் ஜெசப் செய்த காரியம்தான் அவரைச் சாகும்வரை துரத்தியது. அக்டோபரில், வெள்ளைக் கொடி பிடித்துப் பேச வந்த ஒசியோலாவைப் பிடித்துச் சிறையில் போடச் சொன்னார். நாடே காறித் துப்பியது. இருபது வருஷம் கழித்தும் ஜெசப் அதற்கு விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். ஒசியோலா 1838 ஜனவரியில் மௌல்ட்ரி கோட்டையில் நோயில் கிடந்து இறந்தார். அதற்கு முன் ஜார்ஜ் கேட்லின் என்ற ஓவியர் வந்து அவரைப் படமாக வரைந்துவிட்டார். போரில் ஜெயித்த தளபதிகளில் எவருடைய முகம் இன்றைக்கு ஞாபகமிருக்கிறது?

ஒசியோலாவோடு முதலில் செயின்ட் அகஸ்டின் கோட்டையில் அடைபட்டவர்களில் இரண்டு பேரை இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒருவர் நம் ஆமை வியாபாரி ஜான் ஹார்ஸ். மற்றவர் கோவாகூச்சி, காட்டுப்பூனை என்று பட்டப்பெயர். உயரத்தில் ஒரு குறுகிய சன்னல். அதற்குள் நுழைவதற்காகக் கோவாகூச்சி சாப்பாட்டைக் குறைத்து உடம்பை இளைக்க வைத்தாராம். நவம்பர் கடைசியில் ஓர் இரவு இருபது பேர் கயிறு கட்டி இறங்கி அகழியில் குதித்து மறைந்தார்கள். எடை குறைப்புக்கு இதைவிட நல்ல காரணம் வைத்திருப்பவர் எழுதவும்.

அந்த வருஷ கிறிஸ்துமஸ் நாளில் அந்த இரண்டு பேரும் ஓக்கீச்சோபி ஏரிக்கரையில் இருந்தார்கள். எதிரே கர்னல் ஜக்காரி டெய்லர், எண்ணூறு பேர். செமினோல்கள் நானூறுக்கும் குறைவு. அவர்கள் எதிரி வரவேண்டிய வழியில் புல்லை வெட்டி ஒழுங்குபடுத்தி, துப்பாக்கியைத் தாங்கிக் குறி வைக்க மரங்களில் வெட்டுப்பள்ளம் போட்டு, வாருங்கள் என்று காத்திருந்தார்கள். சுற்றிப் போகலாமே என்று தொண்டர் படையின் கர்னல் ஜென்ட்ரி கேட்டார். டெய்லருக்குச் சுற்றுவழி பிடிக்காது. முட்டளவு சேற்றில் நேராக நடத்தினார். ஜென்ட்ரி உட்பட 26 பேர் செத்தார்கள், காயம் 112. செமினோல் தரப்பில் செத்தவர்கள் 11. அவர்கள் ஏரி வழியே விலகிப் போய்விட்டதால் வெற்றி டெய்லருடையது. சாவுக்குக் காரணம் தொண்டர் படை என்று எழுதினார். அரசாங்கம் அவருக்குப் பிரெவெட் பிரிகேடியர் ஜெனரல் கொடுத்தது. பன்னிரண்டு வருஷத்தில் அமெரிக்க ஜனாதிபதியும் ஆகிவிட்டார். கமிஷனில் கையெழுத்து வாங்கியவர் கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்தார்.

இனி நாய்கள்.

1840-இல் யாருக்கோ கியூபாவின் வேட்டை நாய்கள் நினைவுக்கு வந்தன. தப்பியோடிய அடிமைகளை மோப்பம் பிடிக்கப் பழக்கிய நாய்கள். ஃபுளோரிடா அரசு 33 நாய்களையும் ஐந்து பயிற்சியாளர்களையும் வரவழைத்தது. ஒரு நாயின் விலை 150 டாலருக்குக் கொஞ்சம் மேல். சிப்பாயின் மாதச் சம்பளம் பத்து டாலரைத் தொடாத காலம். செய்தி பரவியதும் வடமாநிலங்களில் ஒரே அமளி. மனிதர்களைக் கடித்துக் குதறவா அரசாங்கம் நாய் வாங்குகிறது என்று மனுக்கள் குவிந்தன. போர்த்துறை அமைச்சர் ஜோயல் பாயின்செட், கிறிஸ்துமஸுக்கு வீட்டில் வைக்கும் சிவப்புப் பூவுக்குப் பெயர் கொடுத்த அதே மனிதர், நாய்களுக்கு வாய்க்கட்டுப் போட உத்தரவிட்டார். நாய்கள் வாய்க்கட்டோடு களத்தில் இறங்கின. சதுப்பில் தண்ணீருக்கு மேல் மோப்பம் நிற்குமா? நாய்களும் சிப்பாய்களைப் போலவே குழம்பின. முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர். அவர் எழுந்து முகத்தைச் சுளிக்காமல் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: வீரம் மிக்க நமது ராணுவத்துக்குத் தோழர்களாக வந்துள்ள இந்த நாய்களின் இயற்கை வரலாறு, அரசியல் வரலாறு, போர் வரலாறு ஆகியவற்றை அமைச்சர் சபையில் வைக்க வேண்டும், அவற்றுக்கும் அவற்றின் சந்ததிக்கும் ஓய்வூதியச் சட்டம் பொருந்துமா என்றும் தெரிவிக்க வேண்டும். கமிஷன் கேட்காததுதான் பாக்கி.

மேகோமும் ஒரு முறை நேரில் வந்தார், 1839-இல். தெற்கே ஒரு பகுதியில் நீங்கள் இருந்துகொள்ளலாம் என்று சமாதானம் பேசி, போர் முடிந்தது என்று அறிவித்தார். இரண்டே மாதத்தில், கலூசஹாட்சி ஆற்றங்கரையில் வியாபார நிலையம் போட்டுக் காவலுக்கு இருந்த கர்னல் வில்லியம் ஹார்னியின் முகாமை விடியற்காலையில் தாக்கினார்கள். மேகோம் பேசிய கூட்டத்துக்கு, தாக்கிய இந்தச் செமினோல் குழுவினர் வரவே இல்லை. ஹார்னி படுக்கையிலிருந்து எழுந்து, சட்டையும் உள்ளாடையுமாக ஆற்றை நோக்கி ஓடித் தப்பினார். அதே ஹார்னி பிற்காலத்தில் ஜெனரல். உருவப்படங்களில் முழுச் சீருடையில் நிமிர்ந்து நிற்பார். பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த விடியற்காலைதான் தெரிகிறது.

அடுத்துத் தளபதியாக வந்த ஆர்மிஸ்டெட் நம் தரகர்களின் வழிக்குத் திரும்பினார். தலைவர்களை விலைக்கு வாங்க அவர் கையில் 55,000 டாலர். ஒரு தலைவர் தன் அறுபது பேரோடு வந்ததற்கு 5,000. சின்னத் தலைவர்களுக்கு 200. வீரன் ஒவ்வொருவனுக்கும் 30 டாலரும் ஒரு துப்பாக்கியும். எதிரிக்குத் துப்பாக்கி கொடுத்துச் சரணடையச் சொல்வது தாம்ஸன் விட்டுப்போன மரபு போலும்.

1840 மே மாதம் செயின்ட் அகஸ்டின் அருகே சாலையில் ஒரு நாடகக் கம்பெனி வண்டிகளில் போய்க்கொண்டிருந்தது. கோவாகூச்சியின் ஆட்கள் மறித்தார்கள். சிலர் செத்தார்கள், சாமான்கள் போயின. சாமான் என்றால் ஷேக்ஸ்பியர் நாடக உடுப்புகள். அடுத்த மார்ச்சில், ஆர்மிஸ்டெட்டுக்குப் பிறகு தளபதி ஆகப்போகிற கர்னல் வொர்த் அனுப்பிய அழைப்பை ஏற்று, கோவாகூச்சி கம்மிங்ஸ் கோட்டைக்குப் பேச வந்தார். தூரத்தில் ஒரு சிறு ஊர்வலம். முன்னால் இறகுத் தொப்பியும் டென்மார்க் இளவரசன் உடுப்புமாக ஹாம்லெட். அவர்தான் கோவாகூச்சி. பின்னால் எளிய உடையில் ஹொரேஷியோ. அதற்குப் பின்னால் ஊதா அங்கியில் மூன்றாம் ரிச்சர்ட். சிப்பாய்கள் சிரித்தார்களா, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்களா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருவேளை இரண்டும்.

கோவாகூச்சியின் மகள், பன்னிரண்டு வயசு இருக்கும், முன்பே பிடிபட்டு அந்த முகாமில்தான் இருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் ஓடிவந்தாள். யாருக்கும் தெரியாமல் பொறுக்கிச் சேர்த்து வைத்திருந்த தோட்டாக்களையும் வெடிமருந்தையும் அவர் கையில் கொடுத்தாள். அப்பாவுக்கு ஊரிலிருந்து பலகாரம் கொண்டுவருகிற பிள்ளையைப் போல. ஹாம்லெட் உடுப்பில் இருந்த காட்டுப்பூனை அழுதார். பக்கத்தில் நின்ற அதிகாரி இதை எழுதிவைத்திருக்கிறார்.

அதற்கப்புறம் அவரை மே மாதம் பியர்ஸ் கோட்டையில் பேச்சுக்கு அழைத்து விலங்கு மாட்டினார்கள். அவரைக் கோட்டைக்குக் கூட்டிவந்த இளம் லெப்டினன்ட் வில்லியம் டெகும்ஸே ஷெர்மன். எதிர்காலத்தில் ஜார்ஜியாவைக் கொளுத்தப்போகிறவர். அப்போது கோழிகளும் புறாக்களும் முயல்களும் வளர்த்துக்கொண்டு பொழுது போக்கிய பிரம்மச்சாரி. கோவாகூச்சியைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். வொர்த் மறுபடி வரவழைத்தார். 1841 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம், டாம்பா விரிகுடாவில் கப்பல் தளத்தில், விலங்கோடு நின்றவரிடம் சொன்னார்: உன் ஆட்கள் குறித்த நாளுக்குள் வரவேண்டும், இல்லாவிட்டால் இந்தப் பாய்மரத்திலேயே தூக்கு. வந்தார்கள். எல்லாரும் மேற்கே போனார்கள்.

1842 ஆகஸ்டில் வொர்த் போர் முடிந்தது என்றார். எதிர்த்தரப்பு கையெழுத்துப் போடவில்லை. சில நூறு பேர் தெற்குச் சதுப்பில் இருந்துகொண்டார்கள், அவர்களைப் பார்க்காததுபோல இருந்துவிடலாம் என்று முடிவாயிற்று. செலவு 3 கோடி முதல் 4 கோடி டாலர் வரை என்று கணக்கிடுகிறார்கள். 50 லட்சத்துக்கு வாங்கிய வீட்டைக் காலி செய்ய ஆறிலிருந்து எட்டு மடங்கு வக்கீல் செலவு. நிரந்தரப் படையில் மட்டும் செத்தவர்கள் 1,466. அவர்களில் கால்வாசிப் பேரைத்தான் எதிரி கொன்றது, மீதியைக் காய்ச்சலும் பேதியும். மேற்கே துரத்தப்பட்டவர்கள் கிட்டத்தட்ட நாலாயிரம். வழியில் செத்த குழந்தைகளுக்கு யாரும் பிரெவெட் கொடுக்கவில்லை. பிடிபடாதவர்களின் வழிவந்தவர்கள் ரொம்ப காலம் கழித்து, 2007-இல், ஒரு பத்திரத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்கள்: ஹார்ட் ராக் கஃபே என்ற உணவகச் சங்கிலியை வாங்க, 96.5 கோடி டாலருக்கு.

கோவாகூச்சிக்கு மேற்கே நிலை கொள்ளவில்லை. அங்கேயும் அடிமை பிடிக்கிறவர்கள் வந்தார்கள். 1850-இல் அவரும் ஜான் ஹார்ஸும் தங்கள் மக்களைக் கூட்டிக்கொண்டு டெக்ஸாஸைக் கடந்து, ரியோ கிராண்டே நதி தாண்டி, அடிமை முறை இல்லாத மெக்சிகோவுக்குள் போய்விட்டார்கள். எல்லையைக் காக்க ஆள் வேண்டியிருந்தது மெக்சிகோவுக்கு. நிலம் கொடுத்தது. கோவாகூச்சிக்குக் கர்னல் பதவியும், ஜான் ஹார்ஸுக்குக் கேப்டன் பதவியும் கொடுத்தது. கமிஷன்!

மெக்சிகோக்காரர்கள் ஜான் ஹார்ஸை 'எல் கப்பித்தான் ஹுவான் கபாயோ' என்று மரியாதையாக அழைத்தார்கள். முழு நம்பிக்கை வைத்தார்கள். ஆமைகளைப் பற்றி அவர்களிடம் யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.